நாய்க்கு யார் பிரசவம் பார்த்தார்கள்? (ஒரு பேரேட்டு வரலாறு)



பி.காம். படிக்கிறவனுக்கு நாய்ப் பிரசவத்தில் என்ன வேலை என்று வகுப்பில் ஏற்கனவே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. இருக்கட்டும். இது முழுக்க முழுக்க ஒரு கணக்கு விஷயம்தான் என்று கடைசியில் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

ஒரு சொல்லில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஈத்து. மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பசுவுக்கு விலை பேசும்போது "எத்தனாவது ஈத்து?" என்ற கேள்வி வராமல் பேரம் முடியாது. தலைச்சன் ஈத்துக்கு ஒரு விலை, மூன்றாம் ஈத்துக்கு ஒரு விலை, ஆறேழு ஈத்து தாண்டிவிட்டால் வேறு விலை. கன்று போட்டதும் சுரக்கும் பாலுக்குச் சீம்பால் என்று தனிப்பெயரே உண்டு. இளங்கொடி விழுந்ததா இல்லையா என்று ராத்திரி முழுக்க ஒருவர் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். விழுந்த இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

அதே வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு?

"அது பாட்டுக்கு எங்கேயாவது போய்க் குட்டி போட்டுட்டு வரும்." அவ்வளவுதான். எத்தனாவது ஈத்து என்று யாரும் எண்ணுவதில்லை. எத்தனை குட்டி செத்தது என்றும் எண்ணுவதில்லை.

அந்த வாக்கியம் பாதி உண்மைதான். பெரும்பாலான நாய்கள் யார் உதவியும் இல்லாமல் நன்றாகவே குட்டி போட்டுவிடும். ஆனால் ஒரு குட்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? அதைத் தெரிந்துவைத்திருக்கும் அவசியம் ரொம்ப காலத்துக்கு யாருக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை, பிறகு எப்போது வந்தது, வந்ததால் நாய்க்கு நன்மையா கெடுதலா என்பதுதான் இந்தக் கட்டுரை.

பெயர் இருந்தது, கணக்கு இல்லை

நாயை மதிக்காத சமூகம் நம்முடையது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்த கல். அந்தக் கல்லில் அவன் நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள்.

1400 வருஷத்துக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் சாதாரண விஷயமா? ஆனால் கவனியுங்கள், அந்தக் கல்லிலும் நடுவில் நிற்பது எருமை. சொத்து எருமை, அதைக் காத்ததால் நாய்க்குப் பெயர். நாய் செய்த வேலைக்கு மரியாதை கிடைத்தது. நாய் பிறப்பதற்கு யாரும் செலவு செய்ததில்லை, அதனால் அதைப் பதிவு செய்யும் தேவையும் வந்ததில்லை.

பேரேட்டில் ஒரு பொருள் ஏற வேண்டும் என்றால் அதற்குப் பணத்தில் ஒரு மதிப்பு இருக்க வேண்டும். முதல் வருஷம் கணக்கியலில் படிக்கிற பாடம் இது. மனிதன் எந்தப் பிராணியின் பிரசவத்துக்குக் கண் விழித்தான் என்பதும் கிட்டத்தட்ட இதே விதிப்படிதான் நடந்திருக்கிறது.

1761: ஒரு ஊர் போனது, ஒரு பள்ளி வந்தது

1761 என்ற வருஷம் புதுச்சேரிக்காரர்களுக்கு மறக்கக் கூடாத வருஷம். ஜனவரி மாதம், பல மாத முற்றுகைக்குப் பிறகு, ஆங்கிலேயர்களின் அயர் கூட் படையிடம் ஊர் சரணடைந்தது. அதன் பிறகு கோட்டையையும் பிரெஞ்சுக்காரர்களின் கட்டிடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு நாம் வெள்ளைக்காரர் பகுதி என்று சுற்றிக் காட்டுவதெல்லாம் அதற்கப்புறம் எழுந்தவை.

அதே 1761, ஆகஸ்டு மாதம். பிரான்சில் லியோன் நகரத்தில் கிளாட் பூர்ஷலா என்பவருக்குக் கால்நடை மருத்துவப் பள்ளி ஒன்று தொடங்க அரசு அனுமதி கொடுத்தது. அடுத்த வருஷம் பள்ளி ஆரம்பமானது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி அதுதான். பூர்ஷலா அதற்கு முன் குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அப்போது ஐரோப்பா முழுக்க வெக்கை நோய் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் போர், போருக்குக் குதிரை. மாடு செத்தால் வரி வராது, குதிரை செத்தால் படை நகராது. ஊர்களைப் போரில் இழந்துகொண்டிருந்த அரசாங்கம் அதே சமயத்தில் மாட்டு வைத்தியத்துக்குப் பணம் ஒதுக்கியதன் காரணம் இதுதான். நாய் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

லண்டனில் 1791-இல் தொடங்கிய கல்லூரிக்கும் முதல் தலைவர் லியோனில் படித்த ஒரு பிரெஞ்சுக்காரர், சேன்பெல். அங்கேயும் ஆரம்பத்தில் குதிரைப் பாடம்தான் எல்லாம்.

லியோனில் இருந்து இந்தியாவுக்கும் ஒரு நேர்க்கோடு உண்டு. வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் லியோனுக்குப் போய் இந்தப் படிப்பைப் படித்தார். 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை வரவழைத்து, பீகாரில் பூசா என்ற இடத்தில் இருந்த குதிரைப் பண்ணையை ஒப்படைத்தது. குதிரைப்படைக்கு நல்ல குட்டிகள் பிறக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. பிராணியின் பிறப்பு ஒரு கம்பெனியின் கணக்கில் முதலீடாக ஏறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மற்றவர்களின் முறை எப்போது வந்தது என்று பாருங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823-இல் (இன்றைய ஜிப்மரின் மூலம் அதுதான்). சென்னை எழும்பூரில் பெண்களுக்கான பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல். வெக்கை நோயை ஆராய புனேயில் ஆய்வுக்கூடம் 1889-இல். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல். பெண், மாடு, குதிரை எல்லோருக்கும் இடம் வந்துவிட்டது. நாய் இன்னும் வாசலில்தான்.

செலவுப் பக்கத்தில் வந்த நாய்

அரசாங்கக் கணக்கில் நாய் ஏறவே இல்லை என்று சொன்னால் தப்பு. ஏறியது. ஆனால் செலவுப் பக்கத்தில்.

1832-இல் பம்பாயில் தெருநாய்களைக் கொல்வதற்குக் காசு கொடுத்தார்கள். கொன்ற நாய்க்கு இவ்வளவு என்று கணக்கு. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் பொறுக்க முடியாமல் கடைகளை அடைத்துக் கலவரத்தில் இறங்கினார்கள். சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் திட்டம் 1860-இல் தொடங்கியது என்று புளூ கிராஸ் அமைப்பினர் எழுதியிருக்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வெறிநாய்க்கடி வந்தால் சாவுதான். 1885 ஜூலையில் பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றிய பிறகுதான் நம்பிக்கை பிறந்தது. நம் பக்கத்தில் 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது தடுப்பூசி வேண்டும் என்றால் வடக்கே கசௌலி மலைக்குப் போக வேண்டும். அந்த மரணத்தின் எதிரொலியாகத்தான் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள்.

ஆக நாய் என்றால் நோய். நோயைப் பரப்பும் ஒன்றின் பிரசவத்தைப் பற்றி எந்த அரசாங்கம் கவலைப்படும்?

அறிவு எங்கிருந்து வந்தது

இனிதான் சுவாரசியம். நாய்ப் பிரசவத்தைப் பற்றிய அறிவு நாய்க்காக வந்ததில்லை. பெரும்பகுதி வேறு எதையோ தேடும்போது வழியில் கிடைத்தது.

1780-களில் இத்தாலியில் லாசரோ ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், விஞ்ஞானியும்கூட. உயிர் எப்படி உருவாகிறது என்பது அவர் கேள்வி. வீட்டில் அடைத்துவைத்திருந்த ஒரு பெட்டை நாய்க்குச் செயற்கை முறையில் கருவூட்டினார். வெளி நாய் எதுவும் நெருங்க முடியாது என்பதால் நாள் கணக்கு துல்லியமாக இருந்தது. 62-ஆம் நாள் 3 குட்டிகள் பிறந்தன. இன்றைய பாடப்புத்தகம் கருமுட்டை வெளிவந்த நாளில் இருந்து சுமார் 63 நாள் என்கிறது. தத்துவ விவாதத்துக்காகச் செய்த சோதனையில் நாயின் சினைக்காலம் அவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது.

நாய்க்காகவே எழுதியவர்களும் இருந்தார்கள். லண்டனில் டெலபேர் பிளேன் 1817-இல் நாய் நோய்களைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டார். வில்லியம் யூவட் 1845-இல் இன்னொன்று. கல்லூரிகள் குதிரையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நாயைப் பார்த்தவர்கள் இவர்கள்.

1906-இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். அதில் வேலை செய்யும் பொருள்தான் ஆக்சிடோசின். 1953-இல் அமெரிக்காவின் வின்சென்ட் து வின்யோ அதைச் செயற்கையாகத் தயாரித்தார், 1955-இல் நோபல் பரிசு வாங்கினார். பெண்ணுக்கும் பசுவுக்கும் நாய்க்கும் அதே ஊசி.

இந்த ஊசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் கறவை மாட்டுக்குப் பால் இறங்க என்று ஆக்சிடோசினைத் தப்பாகப் பயன்படுத்தியது பெரிய பிரச்சினையாகி, 2018-இல் மத்திய அரசு தனியார் தயாரிப்பைத் தடை செய்ய, அதே வருஷம் டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. இப்படிப் பழகிப்போன ஊசி என்பதால் "நாய் முக்குது, வரலை, ஒரு ஊசி போட்டுடலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது இதைப் போட்டால் கருப்பையே கிழிந்துபோகலாம். தாய் செத்துவிடும். மருத்துவர் கையால் பரிசோதித்து, வழி அடைபடவில்லை என்று உறுதி செய்த பிறகு போடவேண்டிய மருந்து இது.

விலை வந்தது, வினையும் வந்தது

நாய்க்கு விலை எப்போது வந்தது? ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். 1859-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கினார்கள். வம்சாவளிப் பதிவேடு வந்தது. அப்பா யார், அம்மா யார், எந்தத் தேதியில் பிறந்தது என்று எல்லாம் எழுத்தில். நாயின் பிறப்பு ஒருவழியாக ஏட்டில் ஏறிவிட்டது! ஒரு குட்டிக்கு நல்ல விலை என்றால், பிரசவத்துக்கு மருத்துவரைக் கூப்பிடுவது லாபகரமான செலவு. நாய்க்கான மகப்பேறு மருத்துவம் வளர்ந்ததில் இந்தக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் வரவுக்கு எதிர்ப்பதிவு இருக்கும் இல்லையா? பார்க்க விநோதமாக இருக்க வேண்டும் என்று தலை பெருத்து, மூக்கு சப்பி, இடுப்பு குறுகிய நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். விளைவு, குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பு வழியாக வர முடியவில்லை. இங்கிலாந்தில் 22,005 ஈத்துகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில் புல்டாக் ஈத்துகளில் 86 சதவீதமும், பிரெஞ்சு புல்டாக் ஈத்துகளில் 81 சதவீதமும் சிசேரியன். அதாவது கத்தி இல்லாமல் பிள்ளை பெறவே முடியாத ஒரு இனத்தை மனிதன் காசுக்காக உருவாக்கிவிட்டான். நம் ஊரிலும் இப்போது இந்தச் சப்பை மூக்குக்காரர்கள் சாயங்காலம் கடற்கரைச் சாலையில் மூச்சிரைக்க நடக்கிறார்கள். பெயரில் பிரெஞ்சு இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

நம் நாட்டு நாய்கள் இதற்கு நேர் எதிர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ஒட்டிய வயிறும் நீண்ட மூக்கும் உள்ளவை. இவற்றைக் காப்பாற்ற தமிழ்நாடு அரசு 1980-81-இல் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்க நிலையம் ஒன்றைத் தொடங்கியது. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் இருந்தது. ஆனால் அந்த நிலையத்தில் நாய்களின் நிலைமை சரியில்லை என்று வழக்குப் போய், 2010-களின் பிற்பகுதியில் அதை மூடும்படி உயர் நீதிமன்றம் சொன்னது. அரசே நடத்தினாலும், குட்டியை எண்ணுகிற இடத்தில் தாய் மறந்துபோகிறது.

2017-இல் மத்திய அரசு நாய் இனப்பெருக்க விதிகளைக் கொண்டுவந்தது. பெட்டை நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கவனித்தீர்களா? நாய்க்கும் ஈத்துக் கணக்கு வந்துவிட்டது. மாட்டுக்கு ஈத்தை எண்ணுவது விலை சொல்ல. நாய்க்கு எண்ணச் சொன்னது போதும் என்று நிறுத்த. கணக்கு ஒன்று, நோக்கம் வேறு.

நம் ஊரைப் பொறுத்தவரை, குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1994-இல் வந்தது. லியோன் பள்ளி வந்து 230 வருஷத்துக்கும் மேல் கழித்து பிரெஞ்சுக்காரர்களின் பழைய ஊருக்கு அந்தப் படிப்பு வந்திருக்கிறது.

இத்தனை வருஷத்தில் தெரிந்துகொண்டது என்ன

வரலாறு போதும், வீட்டில் நாய் சினையாக இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்பவர்களுக்கு: மருத்துவர்கள் இன்று சொல்வதைச் சுருக்கமாகத் தருகிறேன். நான் மருத்துவன் இல்லை, அதனால் இதை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

சேர்ந்த நாளில் இருந்து எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை ஆகலாம். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். இது முக்கியம். எத்தனை வரவேண்டும் என்று தெரிந்தால்தான் எல்லாம் வந்துவிட்டதா என்று தெரியும். (இருப்புக் கணக்கு எடுப்பது மாதிரி!)

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் உடல் சூடு பாருங்கள். நாய்க்கு இயல்பாக 101 முதல் 102 பாரன்ஹீட் டிகிரி இருக்கும். அது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வலி எடுக்கும். மூச்சிரைக்கும், சாப்பாட்டைத் தொடாது, மூலையைப் பறண்டும். இது 6 முதல் 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் போகும். தடுப்புள்ள ஒரு அகலப் பெட்டி, அதில் பழைய பேப்பரும் சுத்தமான பழைய வேட்டியும், சத்தம் இல்லாத மூலை. இவ்வளவு போதும். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினால் பயத்தில் வலியே நின்றுபோகும்.

குட்டிகள் சாதாரணமாக அரை மணி, ஒரு மணி இடைவெளியில் வரும். பின்னங்கால் முதலில் வந்தாலும் பதறவேண்டாம், நாய்க்கு அது சகஜம். தாயே பனிக்குடத்தைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியை நக்கிவிடும். அது செய்யாவிட்டால் மட்டும் நாம். கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, முகத்தில் இருக்கும் சவ்வை நீக்கி, மூக்கு வாயைத் துடைத்து, துண்டால் உடம்பை அழுத்தித் தேய்த்தால் குட்டி கத்தும். குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசி ஆட்டும் பழைய பழக்கம் வேண்டாம். மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று அதை இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை. உள்ளே குட்டி இருக்கிறது, ஆனால் 2 மணி நேரமாக எதுவும் நடக்கவில்லை. முதல் குட்டி வருவதற்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது (நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று அர்த்தம்). சூடு இறங்கி 24 மணி ஆகியும் வலியே இல்லை. பாதி குட்டி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. இதில் எது நடந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது.

பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. குளிர்தான் அதன் முதல் எதிரி. ஜில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், ஜீரணம் ஆகாது. முதலில் சூடு, பிறகு பால். முதல் நாள் சீம்பால் கட்டாயம், நோய் எதிர்ப்பு அதில்தான் இருக்கிறது. பிறகு 2, 3 வாரம் கழித்துத் தாய்க்கு உடம்பு விறைத்து நடுக்கம் வந்தால் அது சுண்ணாம்புச் சத்துக் குறைவு, உயிருக்கு ஆபத்து, உடனே மருத்துவர். அதற்கு பயந்து சினைக்காலத்திலேயே கால்சியம் மாத்திரைகளைக் கொடுத்தால் பலன் நேர்மாறு.

விலையே இல்லாத குட்டிகள்

இதெல்லாம் வீட்டு நாய்க்கு. தெருவில் பிறப்பதற்கு?

நம் நாட்டுத் தெருநாய்கள் பெரும்பாலும் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில்தான் குட்டி போடுகின்றன. ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று சொல்லும் நம் கடற்கரையில் இது எவ்வளவு கஷ்டமான பருவம் என்று யோசியுங்கள். 1959-இல் சென்னையில் அப்படி ஒரு மழைநாளில், தெரு வெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளிப்பதைப் பார்த்து விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கிப் போனார். புளூ கிராஸ் அமைப்பு அங்கிருந்துதான் பிறந்தது. 1964-இல் அவர்கள் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மாநகராட்சி காதில் அது விழ 1996 ஆனது. இடைப்பட்ட காலத்தில் கொன்ற நாய்களின் எண்ணிக்கை எந்த அளவுக்குப் போனது என்றால், 1970-களில் அந்தத் தோலில் கழுத்துப்பட்டையும் பணப்பையும் செய்யலாமா என்று சென்னையில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாதிரி தயாரித்துப் பார்த்திருக்கிறது. நாய்க்கு நாம் கண்டுபிடித்த சந்தை மதிப்பு! 2001-இல் கருத்தடை விதிகள் தேசிய அளவில் வந்தன, 2023-இல் புது விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

கொல்கத்தாவின் ஐசர் நிலையத்தைச் சேர்ந்த மனாபி பால், அனிந்திதா பத்ரா முதலிய ஆய்வாளர்கள் 95 ஈத்துகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 7-ஆம் மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம். இறந்தவற்றில் 63 சதவீதத்துக்கு மனிதர்களே காரணம். வண்டி, விஷம், அடி, தூக்கிக்கொண்டு போவது இப்படி. இருந்தும் அந்தத் தாய்கள் காட்டுக்குப் போவதில்லை, நம் படிக்கட்டுக்குக் கீழே, நம் காருக்கு அடியில்தான் குட்டி போடுகின்றன. நம்மால் சாவதும் நம்மை நம்பிப் பிழைப்பதும் ஒரே இடத்தில்.

என் கணக்கில் தெருநாய்க்குப் பிரசவம் பார்ப்பது என்றால் இரண்டு வேலை. குட்டி போட்டிருக்கும் தாயைத் தொடாமல், விரட்டாமல், மழை படாத இடத்தில் ஒரு சாக்கும் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது முதல் வேலை. "பாவம்" என்று ஒரு குட்டியை மட்டும் வீட்டுக்குத் தூக்கிவருவதும், தூரமாகக் கொண்டுபோய் விடுவதும் அந்த 63 சதவீதத்தில்தான் சேரும். குட்டிகள் பால் மறந்த பிறகு தாயைக் கருத்தடைக்கும் வெறிநோய்த் தடுப்பூசிக்கும் சேர்ப்பிப்பது இரண்டாவது வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் இன்னும் ஆறு குட்டிகள், அதில் ஐந்து சாகப் பிறந்தவை.

இந்த வேலைக்கு வருமானம் கிடையாது. 1761-இல் இருந்து இதுவரை பிராணிகளின் பிரசவத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரு வரவை எதிர்பார்த்தே பார்த்தார்கள். குதிரைக்குட்டி படைக்கு, கன்று பாலுக்கு, புல்டாக் குட்டி விலைக்கு. தெருவில் பிறப்பதற்கு மட்டும் வரவுப் பக்கம் காலி. இறுதிக் கணக்கில் அதை எங்கே காட்டுவது என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

கிராமத்தில் தாத்தா பாட்டி காலத்தில் வேட்டை நாய்க்கோ பட்டி நாய்க்கோ பிரசவம் பார்த்த கதை யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். ராஜபாளையம், கோம்பைப் பக்கத்து நண்பர்கள் கட்டாயம் எழுதவேண்டும். பிரசவம் ஆன நாய்க்கு என்ன கொடுத்தார்கள், யார் கூட உட்கார்ந்தார்கள், குட்டிகளை எண்ணினார்களா என்பதெல்லாம் எனக்கு வேண்டும்.